ராட்டை வேகத்தில் பாடிய பாட்டு

அம்மா செத்து வருஷம் திரும்புவதற்குள் நான் முகத்தில் பவுடர் பூசி, தலையில் பூ வைத்து, கல்யாணப் பெண்ணாக மேடையில் நின்று பாடினேன். கட்டியிருந்தது அம்மாவின் புடவை. எங்கள் தெருவில் இதை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். செய்தவள் நான். முழுசாக நானே சொல்லிவிடுகிறேன்.

நான் செவிலிமேட்டில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறேன். ஒன்பதாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து அங்கேதான். பிளவுஸ் தைப்பேன், புடவைக்கு ஃபால்ஸ் வைப்பேன், ஓரம் அடிப்பேன். கடைக்காரியை அக்கா என்று கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவாள், மற்ற ஆறு நாளும் எல்லாரையும் கிண்டல் செய்வாள்.

கடைக்கு எதிர் சந்தில் புது வீடு கட்டிக் குடி வந்தவர் பேங்க் சார். வேலை முடிந்து ரிடையர் ஆனவர். மகள் வீட்டுக்கு அமெரிக்கா போய்த் திரும்பி வந்தார். போய் வருகிறவர்கள் சாக்லேட் கொண்டுவருவார்கள். இவர் ஒரு நாடகத்தைக் கொண்டுவந்தார்.

"அங்க ஊர்க்காரங்களே நடிக்கிறாங்கம்மா. பல் டாக்டரு, ஸ்கூல் டீச்சரு, கடையில பில் போடுற பொண்ணு, எல்லாரும். பகல்ல வேலை, சாயங்காலம் ரிகர்சல். ஒருத்தருக்கும் சம்பளம் கெடையாது. பிராட்வேல ரொம்ப காலத்துக்கு முன்னாடி ஓடின பாட்டு நாடகம் அது" என்றார்.

அக்கா மெஷினை நிறுத்தாமல் கேட்டாள். "பிராட்வேலயா சார்? அங்க பஸ் ஸ்டாண்டுதான இருக்குது?"

"மெட்ராஸ் பிராட்வே இல்லம்மா. நியூயார்க்ல அந்தப் பேர்ல ஒரு தெரு. தெரு முழுக்க நாடகக் கொட்டாய்."

"அப்ப பஸ்ஸு எங்க நிக்கும்?"

சார் சிரித்துவிட்டார். அவரே அந்த நாடகத்தைத் தமிழில் எழுதி வைத்திருந்தார். துணி தைத்துக் கொடுக்க எங்களைக் கேட்கத்தான் வந்தது. அந்த நேரத்தில் ஒரு அம்மா, நான் ஓரம் அடித்த புடவை சுருங்கிவிட்டது என்று சண்டைக்கு வந்தார். சுருங்கியது நான் அடித்த ஓரத்தால் இல்லை, அவர் வெந்நீரில் ஊறவைத்ததால். தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி நான் அதைச் சொன்னேன். அந்த அம்மா போன பிறகு சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு வேண்டிய குரல் இதான். நீ பாடுவியாம்மா?"

"அவ சண்டையே பாட்டு மாதிரிதான் சார் போடுவா" என்றாள் அக்கா.

கதை இதுதான். அமெரிக்காவில் ஒரு ஆற்றங்கரை ஊர். அங்கே ஒரு விதவை தோணி ஓட்டுகிறாள். செத்துப்போன புருஷனின் தோணி. அக்கரைக்குப் போக வேறு வழி கிடையாது. ஒருநாள் பாலம் கட்ட ஒரு இன்ஜினியர் வருகிறான். பாலம் வந்துவிட்டால் தோணி எதற்கு? அவள் அவனோடு சண்டை போடுகிறாள். சண்டை போடப் போட இரண்டு பேருக்கும் பிடித்துப்போகிறது. கடைசியில் பாலமும் வருகிறது, கல்யாணமும் நடக்கிறது. நடுநடுவே பாட்டு. கோபம் வந்தாலும் பாட்டு, பசி எடுத்தாலும் பாட்டு.

"பாலாத்துல தோணி ஓட்டணும்னா மொதல்ல தண்ணி லாரிக்கு சொல்லணும்" என்றாள் அக்கா. ஆனால் ஆற்றுக்கு வேண்டிய நீல லைனிங் துணியை அவள்தான் கடைத் துணிச் சுருளிலிருந்து வெட்டிக் கொடுத்தாள்.

இன்ஜினியராக வந்தவன் பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்கிறவன். நல்ல குரல். ஆனால் இடுப்புக்கு மேலே ஆட வராது. "நாள் பூரா தறிக்குழில குந்தி மிதிகட்டைய மெதிக்கிறேன் சார், கால் மட்டும்தான் ஆடும்" என்பான். அதனால் சார் அவனுக்குக் கால் மட்டும் ஆடுகிற மாதிரி ஒரு டான்ஸ் வைத்தார்.

ரிகர்சல் சமுதாயக்கூடத்தில் நடந்தது. சாயங்காலம் வேலை முடிந்து நான் போவேன். பின்னாலேயே அம்மாவும் வந்துவிடுவாள். சுவர் ஓரமாக உட்கார்ந்து எல்லாப் பாட்டையும் மனப்பாடம் பண்ணிவிட்டாள்.

அம்மா வீட்டில் தார் சுற்றுகிறவள். தறியில் குறுக்கே ஓடுகிற பட்டு நூலைச் சின்னக் கட்டையில் சுற்றித் தர வேண்டும், அதுதான் தார். ஒரு கை ராட்டையைச் சுற்றும், இன்னொரு கை நூலைப் பிடித்திருக்கும். வேகம் குறைந்தால் நூல் தொளதொள என்று ஏறும், நெய்யும்போது சிக்கிக்கொள்ளும். அதனால் ராட்டைக்கு ஒரே வேகம்தான். அம்மா அந்த வேகத்திலேயே பாடுவாள். சாமிப் பாட்டானாலும் சரி, தாலாட்டானாலும் சரி, அவள் வாயில் ஓடும். இந்தப் பாட்டில் தூங்கின குழந்தை நான் ஒருத்திதான் என்று சொல்லுவாள்.

நாடகத்தில் ஒரு பாட்டு இருந்தது. அந்த விதவை ஆள் ஏறாத தோணியில் தனியாக உட்கார்ந்து, செத்துப்போன புருஷனை நினைத்துப் பாடுவது. சார் கீபோர்டில் அதை ரொம்ப மெதுவாக வாசிப்பார்.

ஒத்தத் துடுப்பு என் கையில இருக்கு,
உன் துடுப்ப நீ எங்க வச்ச?
அக்கரைக்குப் போக ஆளு நிக்குது,
அழுது முடிக்க ஆறு போதுமா?

அம்மாவுக்குக் கடைசி வரி மனசில் நிற்கவில்லை. அவளாக ஒன்று போட்டுக்கொண்டாள். ராட்டை சுற்றச் சுற்ற, "அக்கரைக்குப் போக ஆளு நிக்குது, அழுதுக்கினு குந்த நேரம் ஏது?" என்று பாடுவாள். நான் திருத்துவேன். "அது அப்படி இல்லம்மா." அவள், "எனக்கு இப்படித்தான் வருது, போ" என்பாள்.

அந்தப் பாட்டில் வருகிற கதை அவளுக்குப் புதுசு இல்லை. நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அப்பா செத்துப்போனார். அடுத்து வந்த தீபாவளிக்கு அம்மா மிளகாய்ப்பழச் சிவப்பில் ஒரு புடவை எடுத்துக் கட்டினாள். பட்டு இல்லை, சின்தெடிக். ஆயுசு முழுக்க ஊருக்குப் பட்டு சுற்றினவள் கட்டினது சின்தெடிக்தான். அவள் தம்பி, என் மாமா, பக்கத்து வீடு. வாசலில் வந்து நின்று, "இன்னாக்கா இது? ஊரு சிரிக்காது?" என்று கேட்டாராம். "போனது அவுரு. கண்ணு எனக்கு இருக்குது இல்ல? எனக்கு செவப்புதான் புடிக்குது" என்றாளாம் அம்மா. அதற்கப்புறம் பொங்கல் வரைக்கும் மாமா எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அம்மா இதைச் சிரித்துக்கொண்டே சொல்லுவாள். மாமா எதிரில் இருக்கும்போதே சொல்லுவாள்.

நாடகத்துக்கு நாள் குறித்ததும் அந்தப் புடவையை என்னிடம் கொடுத்தாள். "ஃபால்ஸ் பிரிஞ்சி தொங்குது. கடைக்கு எடுத்துக்கினு போய் புதுசா வச்சிக் குடு. நீ பாடுற அன்னிக்கு மொத வரிசையில குந்தணும்."

நான் எடுத்துக்கொண்டு போய்க் கடை அலமாரியில் வைத்தேன். மற்றவர்கள் வேலை முன்னால் நின்றது. நம் வீட்டுப் புடவைதானே என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் காலை அம்மா ராட்டையில் உட்கார்ந்திருந்தாள். டீ கொண்டுபோய் வைத்தேன். "நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குது. வாயு மாதிரி" என்றாள். மாமா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். கிளம்பிக்கொண்டிருந்தவரை நான் கத்தி நிறுத்தினேன். இரண்டு பேருமாகத் தூக்கி ஏற்றினோம். வழியெல்லாம் மாமா ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. என் மடியில் அம்மா. அவள் கையில் பாதி சுற்றிய தார், சிவப்பு நூல் அறுந்து ஆட்டோவுக்கு வெளியே பறந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மாமாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஹாரன் நின்றிருக்கும். நிற்கக் கூடாது என்று நினைத்தேன். ஏன் என்று கேட்டால் தெரியாது.

கருமாதிக்கு முன்னால் அம்மாவின் துணியெல்லாம் மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் வழக்கம் அது. செத்தவர்கள் துணி வீட்டில் தங்கக் கூடாது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த பாவாடையைக்கூட மாமா தன் கையால் உருவி மூட்டைக்குள் வைத்தார். "ஒண்ணும் மிச்சம் இல்லையே?" என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். சத்தியமாக அப்போது அந்தச் சிவப்புப் புடவை எனக்கு ஞாபகமே இல்லை.

அப்புறம் மாமா என்னை உட்காரவைத்துச் சொன்னார். "வருஷம் திரும்புற வரைக்கும் நல்லது கெட்டது எதுக்கும் போவாத. பூ வைக்காத. கோயிலு வேணாம். அந்த கூத்து, பாட்டு, அதெல்லாம் வுட்டுடு. என் அக்கா பேரு கெடக் கூடாது."

நான் தலையை ஆட்டினேன். அன்றைக்கு யார் என்ன சொன்னாலும் ஆட்டியிருப்பேன்.

வீட்டில் ராட்டை சும்மா இருந்தது. நான் அழுதால் அத்தை பக்கத்து வீட்டிலிருந்து வந்து முதுகைத் தடவுவாள். நல்ல மனசுதான். ஆனால் தடவத் தடவ எனக்கு எரிச்சலாக வரும். சாப்பாடு வரும், அதன் கூடவே "பாவம்" என்கிற ஒரு பார்வையும் வரும். சத்தமாக ஒரு வார்த்தை பேச எனக்கு இடமே இல்லாமல் போனது.

சார் கடைக்கு வந்தார். "நாடகத்தத் தள்ளி வச்சிட்டேன். உன் பார்ட்டுக்கு வேற பொண்ணு பாக்கட்டுமாம்மா? தப்பா எடுத்துக்காத, உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்."

"வேணாம் சார். நானே பாடறேன்."

"உங்க மாமா?"

"மாமா பாடப்போறது இல்ல சார். நான்தான பாடப்போறேன்."

மாமாவிடம் கடையில் வேலை அதிகம் என்று சொல்லிவிட்டு ரிகர்சலுக்குப் போனேன். பொய்தான். திரும்பவும் கேட்டால் திரும்பவும் சொல்லுவேன்.

அங்கே இன்னொரு தொல்லை வந்தது. நான் அந்தத் தோணிப் பாட்டைப் பாடினேன். நிறுத்தாமல் சத்தமாகப் பாடினேன், மாமா ஹாரன் அடித்த மாதிரி. சார் கீபோர்டை நிறுத்தினார்.

"மெதுவாம்மா. இப்பதான் உனக்கு இந்தப் பாட்டு புரியும். அம்மாவ நெனச்சிக்கோ. அழுகை வந்தா அடக்காத. அப்படியே விட்டுடு. ஜனங்க உருகிடுவாங்க."

வீட்டில் மாமா அம்மாவுக்காக வாயை மூடு என்கிறார். இங்கே இவர் அம்மாவுக்காக அழுது காட்டு என்கிறார். 

"எங்கம்மா உங்க நாடகத்துக்காக சாவல சார்" என்றேன்.

தறிக்காரன் தலையைக் குனிந்துகொண்டான். சார் முகம் சுருங்கிப்போனது. கெட்ட மனுஷன் இல்லை அவர், எனக்கும் தெரியும். "நான் அந்த அர்த்தத்துல சொல்லலம்மா" என்றார். மறுபடி அதே மெதுவில் வாசித்தார். நான் அதே மெதுவில் பாடினேன். கண்ணில் ஒரு சொட்டு வரவிடவில்லை. நன்றாகவும் இல்லை. கஞ்சி ஆறின மாதிரி இருந்தது.

நாடகத்துக்கு முந்தின ஞாயிறு, துணியெல்லாம் போட்டு ஒரு தடவை நடத்திப் பார்க்கலாம் என்றார் சார். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒரு கூட்டம் வந்து பாய் விரித்து உட்கார்ந்தார்கள். பாதிப் பேர் அக்காவின் சர்ச் ஆட்கள். மீதி எங்கள் தெரு, தறிக்காரத் தெரு.

அமெரிக்காவில் எப்படி உண்டோ அப்படியே இருக்க வேண்டும் என்று சார் பிடிவாதமாக இருந்தார். அங்கே விதவை கறுப்பு கட்டுவாளாம், கல்யாணப் பெண் வெள்ளை கட்டுவாளாம். அதனால் எனக்கு முதலிலிருந்து கறுப்புப் புடவை. கடைசிக் காட்சிக்கு வெள்ளைப் புடவை. வெள்ளையை எடுத்து வந்தவள் அக்கா. சர்ச் கல்யாணத்தில் பெண் வெள்ளைதானே கட்டுகிறாள், அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோணியைத் தள்ளித் தள்ளி எனக்கும் யோசிக்க நேரம் இல்லை.

கடைசிக் காட்சியில் நான் வெள்ளைப் புடவையில் பாலத்து மேலே வந்து நின்றேன். சர்ச் பக்கம் எல்லாரும் கை தட்டினார்கள். இந்தப் பக்கம் ஒரு அம்மா மார்பில் கை வைத்துக்கொண்டு, "ஐயோ, அந்த இன்ஜினியரு புள்ளையும் போயிட்டானா?" என்று கேட்டார்.

"எப்பமா போனான்?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"பாலம் இடிஞ்சி வுழுந்துச்சோ இன்னாவோ. நான் வெத்தல மடிச்சிக்கினு இருந்தேன், பாக்கல."

"ரெண்டு புருஷனையும் முழுங்கிட்டாளேம்மா பாவி!"

சிலர் நிஜமாகவே கண்ணைத் துடைத்தார்கள். சர்ச் பக்கத்துக்காரர்கள் இவர்கள் ஏன் அழுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே தட்டினார்கள். இன்ஜினியர் என் பக்கத்தில்தான் மாலையோடு நின்றுகொண்டிருந்தான். கையைத் தூக்கிக் காட்டினான். "யம்மா, நான் உயிரோடதாம்மா இருக்கிறேன்!"

கூடமே வெடித்துச் சிரித்தது. அம்மா போன பிறகு அன்றைக்குத்தான் நான் சிரித்தேன். வயிறு வலிக்கிற வரைக்கும். பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

எல்லாரும் போன பிறகு சார் நாற்காலியில் உட்கார்ந்து, "செவப்புதான் சரி" என்றார். "பட்டுப் பொடவ ஒண்ணு கெடைக்குமா?"

தறிக்காரன் தலையை ஆட்டினான். "எங்க மொதலாளி குடுக்க மாட்டாரு சார். ஒரு தடவ கட்டி அவுத்த பட்ட திரும்பி விக்க முடியாது."

அக்கா என்னைப் பார்த்தாள். பார்த்த பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மா புடவை அலமாரியில் இருப்பது அவளுக்கு முன்னாடியே ஞாபகம் இருந்திருக்கிறது. எனக்காக வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள்.

மறுநாள் கடை அலமாரியில், பேர் எழுதின சீட்டு குத்தாத துணிகளுக்கு அடியில், அந்தப் புடவை இருந்தது. பிரிந்த ஃபால்ஸோடு அப்படியே இருந்தது. மெஷினில் வைத்தால் ஒரு நிமிஷ வேலை. நான் கையால் தைத்தேன். 

"யோசிச்சிக்கோ" என்றாள் அக்கா. "உங்க மாமா சும்மா வுட மாட்டாரு."

"அம்மா மொத வரிசையில குந்தணும்னு குடுத்தாங்கக்கா. அவங்க வர முடியாது. பொடவயாவது வரட்டும்."

நாடகத்தன்று மத்தியானம் வரைக்கும் மாமாவுக்குத் தெரியாது. ஆனால் செவிலிமேட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவருக்கு ஒரு சேதி தெரியாமல் எவ்வளவு நேரம் இருக்கும்? பின் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஆட்டோவை அப்படியே கடைக்கு விட்டுவிட்டார். உள்ளே இருந்த சவாரியையும் இறக்கவில்லை. அவர்களும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ நாடகத்துல ஆடறியா?"

"ஆமா மாமா."

"கடையில வேலைன்னு சொல்லிக்கினு அங்கதான் போனியா?"

"ஆமா."

மேஜை மேலே மடித்து வைத்திருந்த புடவையை அப்போதுதான் பார்த்தார். அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. அந்தச் சிவப்போடு அவருக்குப் பழைய சண்டை உண்டே. கை நீட்டி ஓரத்தைத் தொட்டார். தொட்ட வேகத்தில் கையை இழுத்துக்கொண்டார்.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"அம்மா குடுத்தாங்க. ஃபால்ஸ் வைக்க."

"மிச்சம் ஒண்ணும் இல்லன்னு சொன்ன."

"அப்ப ஞாபகம் இல்ல. இப்ப இருக்குது. இதத்தான் இன்னிக்கு கட்டப் போறேன்."

"செத்தவ பொடவையக் கட்டிக்கினு கல்யாண வேஷமா?" குரல் உடைந்துவிட்டது. "அவ என் வண்டியிலதான்டி போனா. தெரியுமா உனக்கு? என் வண்டியில. நான் இன்னும் வேகமா ஓட்டியிருந்தா…" 

அதுவரைக்கும் மாமா இதைச் சொன்னதே இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நாடகத்துக்குப் போகவில்லை மாமா என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவருக்கு ஒரு ஆறுதல். ஆனால் நான் திரும்பிப் போகிற வீட்டில் ராட்டை சும்மா இருக்கும்.

"நீ வேகமாத்தான் ஓட்டின மாமா. நான்தான பக்கத்துல இருந்தேன், எனக்குத் தெரியாதா? உன் மேல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா நான் பாடத்தான் போறேன்."

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். குரலைக் கெட்டியாக்கினார். "நீ மேடை ஏறினா, நாளைக்கு உன் கல்யாணத்துல தாய்மாமன்னு நான் வந்து நிக்க மாட்டேன். பாத்துக்கோ."

எங்களில் தாய்மாமன் இல்லாமல் பெண்ணுக்கு மாலை விழாது. எனக்கு இருக்கிறதே அவர் ஒருத்தர்தான். எல்லாம் தெரிந்துதான் சொன்னார். நானும் எல்லாம் தெரிந்துதான் சொன்னேன்.

"அப்ப இன்னிக்கு வந்து பாரு மாமா. எனக்கு இன்னிக்குத்தான் கல்யாணம்."

ஆட்டோவில் இருந்த ஒரு அம்மா, "யப்பா, எனக்கு பஸ்ஸு போயிடும்" என்றார். மாமா போய்விட்டார்.

சாயங்காலம் சமுதாயக்கூடம் நிறைந்துவிட்டது. தள்ளி இருக்கிற கூரத்திலிருந்துகூட சாருக்குத் தெரிந்தவர்கள் வந்திருந்தார்கள். முதல் வரிசையில் ஒரு நாற்காலியைக் காலியாக வைக்கட்டுமா என்று தறிக்காரன் கேட்டான். வேண்டாம் என்றேன். காலி நாற்காலியைப் பார்த்து ஜனங்கள் பாவப்பட வேண்டாம். ஒரு குண்டு அம்மா மிக்சர் பொட்டலத்தோடு அங்கே உட்கார்ந்தார். நல்லதுதான்.

முதலில் கறுப்புப் புடவை. நீலத் துணியை இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர் ஆட்ட, பாலாற்றில் இல்லாத தண்ணீரெல்லாம் மேடையில் ஓடியது. சண்டைக் காட்சிக்கு விசில் வந்தது. அப்புறம் எல்லாரும் உள்ளே போக, நான் மட்டும் தோணியில். சார் மேடை ஓரத்தில் கீபோர்டில் கையை வைத்து, என்னைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினார். மெதுவாக ஆரம்பித்தார்.

நான் துடுப்பைக் கையில் எடுத்தேன். எடுத்ததும் என் வலது கை தானாகச் சுற்ற ஆரம்பித்தது. தண்ணீரைத் தள்ளுகிற மாதிரி இல்லை. அம்மா ராட்டையைச் சுற்றுகிற மாதிரி. சார் ஒரு அடி வாசிப்பதற்குள் நான் இரண்டு அடி போய்விட்டேன். அவர் திடுக்கிட்டுப் பார்த்தார். நான் நிற்கவில்லை. ராட்டை நிற்காது. பாவம், அவர் விரல்கள் தடுமாறின, ஒரு இடத்தில் வேறு எதையோ அழுத்தி ஒரு பிளிறல் வந்தது, அப்புறம் எப்படியோ ஓடி வந்து என்னைப் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் இரண்டு பேரும் ஓடினோம்.

ஒத்தத் துடுப்பு என் கையில இருக்கு,
உன் துடுப்ப நீ எங்க வச்ச?
அக்கரைக்குப் போக ஆளு நிக்குது,
அழுதுக்கினு குந்த நேரம் ஏது?

செத்தவரைக் கேட்கிற கேள்வி அது. கெஞ்சிக் கேட்கவில்லை. சண்டை போட்டுக் கேட்டேன். ஏன் போனாய், ஃபால்ஸ்கூட வைக்கவில்லையே, அதற்குள் என்ன அவசரம் என்று கேட்டேன். யாரும் உருகவில்லை. கூடம் தாளத்தோடு கை தட்டியது. தட்டத் தட்ட நான் இன்னும் சத்தமாகப் பாடினேன். என் குரல் பாலாற்றுப் பாலம் வரைக்கும் போயிருக்கும்.

கடைசிக் காட்சிக்கு அக்கா எனக்குச் சிவப்பைக் கட்டிவிட்டாள், கனகாம்பரமும் மல்லியும் சேர்த்து வைத்தாள். விளக்கு வெளிச்சத்தில் அந்தச் சின்தெடிக் நெருப்பு மாதிரி மின்னியது. பட்டுகூட அப்படி மின்னாது. முதல் வரிசை மிக்சர் அம்மா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "பொடவ எந்தக் கடம்மா?" என்றார். வசனத்தில் அது இல்லை. "எங்கம்மா கடை!" என்று நானும் சத்தமாகச் சொன்னேன். ஒருவரும் அழவில்லை. இன்ஜினியர் உயிரோடு இருக்கிறான் என்று இந்தத் தடவை எல்லாருக்கும் புரிந்தது.

முடிந்த பிறகு சார் என் பக்கத்தில் வந்து நின்றார். "சொல்லியிருந்தா நானும் பழகியிருப்பேன்ல?" என்றார். கோபம் இல்லை. விரல்களை உதறிக்கொண்டே சொன்னார்.

மாமா வரவில்லை. கதவு ஓரம், சைக்கிள் நிறுத்துகிற இடம், எல்லா இடமும் பார்த்தேன். ஆட்டோவும் இல்லை. பொய் சொல்லப்போவதில்லை, பார்த்தேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு போ என்று அக்கா ஈரத்துண்டு நீட்டினாள். வேண்டாம் என்றேன். பவுடரோடு, பூவோடு, அந்தச் சிவப்புப் புடவையோடு மெயின் ரோடு வழியாக நடந்து எங்கள் தெருவுக்குள் போனேன். டீக்கடையில் பேச்சு நின்றது. நான் வேகமாகவும் நடக்கவில்லை, தலையைக் குனியவும் இல்லை. 

மறுநாள் விடிந்ததும் புடவையை நானே துவைத்தேன். கொடியைப் பின்பக்கம் கட்டாமல் வாசலில் கட்டி, மாமா வீட்டுக் கதவுக்கு நேராக விரித்துப் போட்டேன். ஆட்டோவை எடுக்க வந்த மாமா அதற்கு முன்னால் நின்றார். புடவை காற்றில் ஆடி அவர் தோளில் பட்டது. அவர் நகரவில்லை. நான் படியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து அத்தையும் எட்டிப் பார்த்தாள்.

"அத உள்ள எடுத்துப் போடு" என்றார், என்னைப் பார்க்காமல்.

"ஈரமா இருக்குது மாமா. காயட்டும்."

அப்புறம் ஆட்டோவில் ஏறினார். ஹாரன் அடிக்காமல் போனார். நான் உள்ளே போய் ராட்டையைத் துடைத்துவிட்டு, சிவப்பு நூலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.